சாய்த்து வைத்த முத்திரை

ஹொஷினா தெய்ஜி விளையாட்டுக்காகப் பனியில் சறுக்கி நான் பார்த்ததே இல்லை. ஷிரகுமோ விடுதியை இருபத்தொன்பது குளிர்காலம் பார்த்துக்கொண்டவர் அவர். வருடத்துக்கு இரண்டாயிரம் பேராவது அவர் கண் முன்னால் சறுக்கினார்கள், விழுந்தார்கள், முகமெல்லாம் பனியோடு எழுந்து சிரித்தார்கள். அவருக்குச் சறுக்குப்பலகை செருப்பு மாதிரி. மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார், வந்ததும் கழற்றித் துடைத்து வைப்பார்.

"ஒரு தடவை சும்மா உச்சிலேர்ந்து வந்து பாருங்களேன் அண்ணே" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு? அப்புறம் மறுபடி ஏறணும்ல?" என்றார்.

விடுதியைக் கட்டியது 1931-இல். தோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பனிச்சறுக்குக் கழக மாணவர்கள் எங்கள் ஊர் ஆட்களை வைத்து லார்ச் மரத்தடிகளை மேலே ஏற்றிக் கட்டினார்கள். இரண்டு மாடி, முப்பத்தெட்டுப் படுக்கை, நடுவில் ஆள் உயர இரும்பு அடுப்பு. அந்தக் கழகத்தின் பழைய மாணவர் சங்கத்துக்குத்தான் அது சொந்தம். மலைச்சரிவில் ஆளை ஏற்றும் கம்பி லிஃப்ட் வருவதற்கு முன்னால், பின்னுக்கு வழுக்காமலிருக்கப் பலகையின் அடியில் கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் ஏற வேண்டும். லிஃப்ட் வந்த பிறகு, அது முடியும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம். வருபவர்கள் காலையில் முகட்டுக்கு ஏறி, உறைபனி மூடி வெள்ளைப் பூதங்கள் போல நிற்கும் மரங்களுக்கு நடுவே சறுக்கி இறங்கி, மத்தியானம் மித்சுயே அண்ணியின் பன்றிக்கறி சூப்பும் ஊறவைத்த கீரையும் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறுவார்கள். மித்சுயே தெய்ஜியின் மனைவி. நவம்பரில் இரண்டு பேரும் ஏறினால் ஏப்ரல் கடைசியில்தான் இறங்குவார்கள்.

என் கடை லிஃப்டின் அடிவாரத்தில் இருந்தது. காலணி, பலகை வாடகைக்கு விடுவேன், உடைந்ததை ஒட்டுவேன், மெழுகு தேய்ப்பேன். மேலே போகிறவர்களும் இறங்குகிறவர்களும் என் கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தெய்ஜி எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரும்கூட. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சின்ன வயதிலிருந்தே நான் அவருக்கு வெறும் தத்சு. "ஏ தத்சு, மூஞ்சில மெழுகு ஒட்டிருக்குடா. உன்னைப் புடிச்சுத் தள்ளிவிட்டா கீழ் ஊர் வரைக்கும் சறுக்கிப் போவ" என்பார்.

அவருடைய வேலையில் முக்கியமானது கழி நடுவது. லிஃப்ட் முடியும் இடத்திலிருந்து விடுதி வரை இருநூற்றுப் பதினான்கு மூங்கில் கழிகள். ஒன்றில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். மூடுபனி வந்துவிட்டால் நம் கைவிரலே நமக்குத் தெரியாது. சிவப்புத் துணி கட்டிய அந்தக் கழிகளைப் பிடித்துக்கொண்டுதான் விடுதிக்கு வந்து சேர முடியும். பனி கொட்டக் கொட்டக் கழி புதைந்துபோகும். மூன்று நாளுக்கு ஒருமுறை போய் ஒவ்வொன்றையும் பிடுங்கி மறுபடி நட வேண்டும். அவர் நடுகிற விதம் ஒன்றுதான். மண்வெட்டியால் கை ஆழத்துக்குத் தோண்டி, மூங்கிலின் தடித்த அடிப்பக்கத்தை இறக்கி, சுற்றிலும் பனியை மிதித்து இறுக்குவார். நுனிப்பக்கத்தைக் கீழே வைத்துக் குத்தினால் தோண்டாமலே இறங்கிவிடும், ஒரு நிமிட வேலை. ஆனால் இரண்டு நாள் வெயிலில் சாய்ந்துவிடும். "நுனிய கீழ குத்தறவன், அந்த வழியில தான் நடக்கப் போறதில்லேன்னு தெரிஞ்சு குத்தறவன்" என்பது அவர் வசவு. நட்டு முடித்த அன்று விடுதியின் நாட்குறிப்பில் எத்தனை கழி, என்ன காற்று என்று எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையை வைப்பார்.

தோகிதா ரியோசுகே அந்த விடுதிக்கு முதலில் வந்தது 1956-இல், மாணவனாக. முகட்டிலிருந்து வரும்போது விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். அன்றைக்குப் புயல். அப்போது லிஃப்டும் கிடையாது. தெய்ஜி அவனைப் பலகைகளின் மேல் கட்டி, ஏழு மணி நேரம் இழுத்துக்கொண்டு ஊருக்கு இறக்கினார். அதிலிருந்து "அண்ணே, அண்ணே" என்று ஒட்டிக்கொண்டான். படிப்பு முடித்ததும் தோக்கியோவில் இருக்கப் பிடிக்காமல் எங்கள் ஊருக்கே வந்து லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தான். துணை மேலாளர் ஆனான். பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளரும் அவனே. ஆக, விடுதிக்கும் ஊருக்கும் நடுவில் எல்லாக் காரியமும் அவன் கை வழியாகத்தான் நடந்தது.

அதனால்தான் முத்திரையும் அவனிடம் போனது. குளிர்காலம் முழுக்க மேலே இருப்பவருக்குக் கீழே காகிதம் வந்துகொண்டே இருக்கும். வன இலாகா அனுமதி, சமையலறைக்குச் சுகாதாரச் சான்று, பதிவுத் தபால். எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும். எங்கள் பக்கத்தில் பனியில் அடைபட்டுக் கிடப்பவர்கள் முத்திரையை நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவது புதிதல்ல. நவம்பரில் ஏறும்போது தெய்ஜி சுண்டுவிரல் நீளமுள்ள அந்தக் கட்டை முத்திரையைத் துணியில் சுற்றி, தோகிதாவின் மேஜையில் வைப்பார். நாட்குறிப்புக்கு மட்டும் மலிவான இன்னொன்று மேலே கிடந்தது. ஊராட்சியில் பதிவு செய்த முத்திரை, அவர் பேருக்குச் சட்டத்தில் நிற்கிற முத்திரை, தோகிதாவிடம்.

மித்சுயே அண்ணி ஒவ்வொரு வருடமும் கேலி செய்வார். "என்னைக் கூட இவரு இவ்வளவு பத்திரமா துணியில சுத்தினதில்ல தோகிதா."

"உங்களைக் குடுத்தா திருப்பித் தர மாட்டேன் அண்ணி. அந்தக் கீரைக்காகவே வெச்சுப்பேன்."

"சாப்பாட்டுக்குன்னா வெச்சுக்க. உன் சட்டை துவைக்க நான் வரமாட்டேன்."

1978 ஜனவரியில் தோகிதா விடுதிக்கு ஏறி வந்தான். கழி வழி கரடி ஓடையைச் சுற்றிக்கொண்டு, பீச் மரக் காட்டுக்குள் நுழைந்து போகும். அந்தச் சுற்றுக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம். அதில் சறுக்க முடியாது, நடக்கத்தான் வேண்டும். ஓடையின் குறுக்கே நேராக வழி வைத்தால் லிஃப்டிலிருந்து விடுதிவரை ஒரே சறுக்கலில் வந்துவிடலாம். கம்பெனி அதை விளம்பரத்தில் போட ஆசைப்பட்டது.

"ஓடையே தெரியல அண்ணே. அஞ்சு மீட்டர் பனி மேல."

"தெரியாததுதான் தோகிதா வம்பு. கீழ தண்ணி ஓடிட்டே இருக்கு. பனி அதுக்கு மேல மூடி மாதிரி நிக்குது, உள்ள வெத்திடம். தெக்குக் காத்து ரெண்டு நாள் அடிச்சா மூடி வெந்துபோயிடும்."

"பிப்ரவரிலயா?"

"எந்த மாசம்னு காத்துக்கு யாரு சொல்றது? வேண்டாம்."

"சரி அண்ணே" என்றான் தோகிதா. இரண்டு கிண்ணம் சூப் குடித்துவிட்டு இறங்கிப் போனான்.

பிப்ரவரி கடைசியில் பல்கலைக்கழக மாணவர்களின் பயிற்சி முகாம் நடந்தது. முப்பத்தெட்டுப் படுக்கையில் நாற்பத்தாறு பேர். நான்கு நாள் தெய்ஜி கழி பார்க்கப் போகவில்லை. பனி விழாத வெயில் நாட்கள் என்பதால் கழி புதைந்திருக்காது என்று நினைத்தார். ஐந்தாம் நாள், இருபத்தாறாம் தேதி, காலையிலிருந்து தெற்குக் காற்று. மத்தியானம் இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கியது. அவர் வாசலில் நின்று மணியை அடித்துக்கொண்டிருந்தார். லிஃப்டிலிருந்து விடுதிக்கு வந்துகொண்டிருந்த மூன்று பேரில் இரண்டு பேர் மட்டும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். மூன்றாமவர் கிதாஜிமா என்கிற பள்ளி ஆசிரியர். கழியைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தோம், திடீரென்று அவர் காலடியில் பனி வாய் திறந்தது என்றார்கள்.

ஓடைக்குள் நான்கு மீட்டர் கீழே கிடந்தார் கிதாஜிமா. வலது கால் இரண்டு பாறைக்கு நடுவில், தண்ணீரில். தெய்ஜி கயிற்றில் இறங்கி அவரை எடுத்து, பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜில் போட்டு லிஃப்ட் வரை கொண்டுவந்து சேர்த்தார். உயிர் தப்பியது. அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

மறுநாள் காலை தெய்ஜி ஓடைக்குப் போனார். கரடி ஓடையின் குறுக்கே, தான் ஒருநாளும் நடாத இடத்தில், பத்தொன்பது கழிகள் நேராக நின்றன. எல்லாம் அவர் கட்டிய சிவப்புத் துணி. காட்டோரத்து வளைவிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் உருவிப் பார்த்தார். நுனிப்பக்கம் கீழே இருந்தது. அதை எடுத்த குழியிலேயே எடுத்தபடி திரும்ப வைத்தார். மற்றதைத் தொடவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கமே கயிறு கட்டி மறித்துவிட்டு, புதுக் கழி வெட்டிப் பழைய வளைவில் நட்டார். விசாரிக்க வருகிறவர்கள் இதைப் பார்க்கட்டும் என்று அந்தப் பத்தொன்பதையும் விட்டுவைத்தார். பிறகு விடுதியின் டெலிபோனில் தோகிதாவைக் கூப்பிட்டார். மித்சுயே அண்ணி பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தார். அந்தப் பேச்சை எனக்குச் சொன்னவர் அவர்தான்.

"தோகிதா, கரடி ஓடை மேல கழி நட்டிருக்கு. நான் நடல."



"தெரியும் அண்ணே. லிஃப்ட் ஆளுங்கதான். நான்தான் சொன்னேன். நல்லா வெயிலடிச்ச நாளு, நானே போய் மிதிச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு."

"நான் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. இல்லேங்கல. அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. இப்ப நீங்க யார்கிட்டயும் பேசாதீங்க. பத்திரிகைக்காரன் கூப்பிட்டா என்கிட்ட திருப்பி விடுங்க. என் தப்பு, நான் பாத்துக்கறேன்."

"நீயே சொல்லிடுவியா?"

"நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

ரிசீவரை வைத்துவிட்டு, "அவன் சொல்லிடுவான்" என்றார் மனைவியிடம். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பத்திரிகையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். தோகிதாவிடம் கேளுங்கள் என்றார்.

மேலே மார்ச் எப்போதும் போலப் போனது. விருந்தினர் வந்தார்கள், சறுக்கினார்கள், சாப்பிட்டார்கள். பனி விழுந்தபோதெல்லாம் தெய்ஜி அந்தப் பத்தொன்பது கழிகளைச் சுற்றியும் தோண்டிவிட்டு வந்தார், புதைந்துவிடக் கூடாது என்று. விசாரணைக்கு ஒருவரும் வரவில்லை.

கீழே நாங்கள் எல்லோரும் மார்ச் பத்தாம் தேதியே படித்துவிட்டோம். ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒரு மன்னிப்புக் கடிதத்தின் நகல் தொங்கியது. சங்கத் தலைவருக்கும் கிதாஜிமாவுக்கும் எழுதியது. வழிக் கழிகளைக் கவனக்குறைவாக இடம் மாற்றி நட்டது என் பிழை, அதற்கு முழுப் பொறுப்பேற்கிறேன், ஏப்ரல் முடிவோடு விடுதிக் காவலர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். கீழே ஹொஷினா தெய்ஜி என்ற பெயரும் சிவப்பில் முத்திரையும்.

"தெய்ஜிக்கும் வயசாச்சு" என்றார் மீன்கடைக்காரர்.

"அவரு கழி தப்பா நடுவாருன்னு நீ நம்பறியா?" என்று கேட்டேன்.

"முத்திரை இருக்கே. முத்திரைக்கு மேல நான் என்ன நம்பறது?"

அந்த முத்திரை நவம்பரிலிருந்து யார் மேஜையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பலகை முன்னால் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். மேலே போன் இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இது அவருக்குத் தெரிந்தே நடந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது.

ஏப்ரல் இருபதாம் தேதி இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். அடிவாரத்தில் லிஃப்ட் ஆட்கள் வணக்கம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெய்ஜி என் கடைக்குள் வந்து, "என்னடா தத்சு, ஊர்ல யாராவது செத்துட்டாங்களா?" என்றார். நான் அறிவிப்புப் பலகையிலிருந்து கழற்றி மடித்து வைத்திருந்த நகலை அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மித்சுயே அண்ணி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். அண்ணிதான் முதலில் பேசினார்.

"இது யாரு எழுதினது?"

தெய்ஜி தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேரே கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். அண்ணியும் கூடப் போனார். உள்ளே நடந்ததையும் அண்ணி சொன்னபடியே எழுதுகிறேன்.

தோகிதா எழுந்து நின்று, மேஜையில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்தான். "அண்ணி, உக்காருங்க, டீ..."

"டீ வேண்டாம்."

தெய்ஜி தாளை மேஜையில் விரித்தார். முத்திரை மேல் கட்டைவிரலை வைத்தார்.

"இதை ஏன் சாய்ச்சு வெச்ச?"

"அண்ணே?"

"என் முத்திரை. இடது பக்கம் சாஞ்சிருக்கு."

தோகிதாவுக்கு அந்தக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மேலதிகாரிக்குப் போகிற தாளில், கீழே இருப்பவர் தன் முத்திரையை மேலதிகாரியின் பக்கமாகச் சாய்த்து வைப்பது அலுவலகப் பழக்கம். ஆள் தலை குனிந்து நிற்பது போல இருக்கும்.

"அது... தலைவருக்குப் போற கடிதாசு அண்ணே. மரியாதைக்கு எல்லாரும் அப்படித்தானே..."

"இருபத்தொம்பது வருஷ டைரி இருக்கு. நான் வெச்ச முத்திரை ஒண்ணு சாஞ்சிருக்கா பாரு. நான் பண்ணாத தப்புக்கு என்னை ஒத்துக்க வெச்ச, சரி. தலையையும் நீயே புடிச்சு குனிய வெச்சிட்டியே."

தோகிதா உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் ஒத்துக்கிட்டா கேஸ் கம்பெனி மேல வரும் அண்ணே. லிஃப்ட நிறுத்திடுவாங்க. நூத்திப்பத்து பேரு வேலை பாக்கறாங்க, எல்லாம் உங்க ஊருக்காரங்க. விடுதியையும் மூடிடுவாங்க. விடுதிக் காவலர் ஒருத்தரு கவனப் பிசகா பண்ணிட்டாருன்னா ஒரு மன்னிப்போட முடியுது. முடிஞ்சுதே! உங்க மேல யாராவது கேஸ் போட்டாங்களா?"

"எங்க மேல போட்டா என்ன கெடைக்கும்னு விட்டிருப்பாங்க" என்றார் அண்ணி.

"நீ என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார் தெய்ஜி.

"கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

"ஒத்துக்கிட்டிருந்தாலும் இருப்பேன். விடுதிய மூடிடுவாங்கன்னு நீ மேல வந்து உக்காந்து அழுதிருந்தா, ஒருவேளை நானே எடுத்து வெச்சிருப்பேன். எனக்கே தெரியல. இனிமே தெரியவும் போறதில்ல. நீ கேக்கலையே."

தோகிதா இழுப்பறையைத் திறந்து துணியில் சுற்றிய முத்திரையை இரண்டு கையாலும் நீட்டினான். அதோடு ஒரு கடித உறையும் இருந்தது. கிதாஜிமாவிடமிருந்து தெய்ஜிக்கு வந்தது, மூன்று வாரத்துக்கு முன்பே. உறை பிரிக்கப்பட்டிருந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, நேர்மையாக ஒப்புக்கொண்டதற்கு நன்றி, என்னை ஓடையிலிருந்து தூக்கியதும் நீங்கள்தான் என்று அறிவேன், என் மனதில் கோபம் இல்லை, உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

தெய்ஜியை அசைத்தது அந்தக் கடிதம்தான். அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து, காலணி மாட்டும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வேலை போனது போகட்டும் தத்சு. ஊருக்காரன் பேசறதும் பேசட்டும், ரெண்டு வருஷத்துல மறந்துடுவான். ஆனா ஒரு காலைப் பறிகுடுத்த மனுஷன் என்னை மன்னிச்சிருக்காரு. அதை நான் வெச்சுக்க முடியாது. அது என்னோடது இல்ல."

"எழுதிப் போடுங்க அண்ணே, நான் இல்லேன்னு."

"வெறும் காகிதத்துல எழுதினா, ஒத்துக்கிட்டு இப்ப மாத்திப் பேசறான்னு தோணும். முதல்ல முத்திரை வெச்சான், மன்னிப்பு கெடச்சதும் மறுக்கறான்னு நினைப்பாரு. இன்னொருத்தன் பாத்து முத்திரை வெக்கணும். வீட்டு ஆளு ஆகாது." நிமிர்ந்து பார்த்தார். "கழி இன்னும் அங்கேயேதான் இருக்கு. பத்து நாள்ல பனி உருகிடும். நாளைக்கு என்னோட மேல வரியா?"

"வரேன் அண்ணே" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் இரண்டு பேரும் ஏறினோம். லிஃப்டில் போகவில்லை. பழையபடி பலகைக்குத் தோல் கட்டிக்கொண்டு நடந்தோம். வெயில் நன்றாக இருந்தது, பனி சர்க்கரை மாதிரி கரகரத்தது. கரடி ஓடையின் கரையில் என்னைக் கயிற்றில் கட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிவிட்டு, "நீயே பாரு. நான் தொட மாட்டேன்" என்றார். முழங்காலில் தவழ்ந்துபோய் ஒவ்வொன்றாக உருவினேன். முதல் கழி நுனி கீழே. இரண்டாவதும் அப்படியே. ஓடை வாய் திறந்த இடத்தில் மூன்று கழிகள் தண்ணீருக்கு மேல் சாய்ந்து தொங்கின. அவையும் நுனி கீழேதான். பத்தொன்பதும். பிறகு காட்டோரமாகப் போய் அவருடைய கழிகளில் ஆறேழு உருவினேன். ஒவ்வொன்றிலும் அடிப்பக்கம் கீழே, சுற்றிலும் மிதித்த பனி கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

இறங்கி வந்ததும் அவர் வீட்டில் அண்ணி சுடச்சுட டீயும் கீரை ஊறுகாயும் வைத்தார். தெய்ஜி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். ஒரே பக்கம். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எத்தனை கழி, எந்தப் பக்கம் கீழே. தோகிதாவின் பேர்கூட அதில் இல்லை. கீழே தன் முத்திரையை நேராக வைத்தார். சிவப்பு மைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

என் முத்திரை சட்டையின் உள்பையில் இருந்தது. காலையில் கிளம்பும்போதே எடுத்து வைத்திருந்தேன். அந்த மைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓடியது இவ்வளவுதான்: என் கடை நிற்பது கம்பெனியின் நிலத்தில். ஒவ்வொரு மே மாதமும் அந்த அனுமதியைப் புதுப்பித்துத் தருவது தோகிதா. மே வர ஒன்பது நாள் இருந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. தோகிதா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"முத்திரை கடையில இருக்கு அண்ணே. நாளைக்குக் கொண்டு வரேன்."

"சரிடா. ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

நான் மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. வீட்டுக்கு வீடு பத்து அடி. காலையில் இருட்டோடு எழுந்து கடைக்குப் போனேன். மூன்றாம் நாள் அவரே கடைக்கு வந்தார். அந்தத் தாளைக் கொண்டுவரவில்லை. நான் ஒரு பலகையைத் தலைகீழாகப் போட்டு மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பருவம் முடிந்துவிட்ட நாளில் அந்த வேலைக்கு அவசியமே இல்லை.

"அண்ணே, நானே வரலாம்னுதான்... வீட்ல கொழந்தைங்க ரெண்டு, கடையும் அவங்க எடத்துல..."

"தெரியும்."

"கோவிச்சுக்காதீங்க அண்ணே."

"கோவமெல்லாம் இல்ல. உங்களை மேல வரைக்கும் அலைய வெச்சுட்டேன். சிரமம் குடுத்ததுக்கு மன்னிச்சுக்கங்க."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. அவர் வாசல் வரை போய்விட்டார். அந்த 'உங்களை' அப்போதுதான் காதில் விழுந்தது. விடுதிக்கு வரும் புது விருந்தினரிடம், வன இலாகா அதிகாரியிடம், அவர் பேசுகிற பேச்சு அது. பதினைந்து வயது சின்னவனான என்னிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை.

மே முதல் வாரத்தில் ஓடை திறந்துகொண்டது. பத்தொன்பது கழிகளையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. தெய்ஜி அந்தத் தாளை யாருக்கும் அனுப்பவில்லை. கிதாஜிமாவுக்குப் பதிலும் எழுதவில்லை. அந்த ஆசிரியர் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்து அட்டை அனுப்பினார் என்று அண்ணி சொன்னார். மன்னித்தவர் என்ற முறையில் அன்பாக எழுதிய அட்டைகள். தெய்ஜி அவற்றைப் படிக்காமல் ஒரு டப்பாவில் போட்டுவைத்தார். எறியவும் அவரால் முடியவில்லை.

விடுதிக்கு நகரத்திலிருந்து ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். கழிகளுக்குப் பதில் இரும்புக் குழாய் நட்டார்கள். என் கடைக்கு அந்த மே மாதம் அனுமதி கிடைத்தது, அடுத்த மே மாதமும். தெய்ஜி ஊரிலிருந்த மரமறுக்கும் பட்டறையில் பலகை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். தோகிதாவைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். என்னைப் பார்த்தால் அப்படிப் போகவில்லை. நின்று, தொப்பியை எடுத்து, "நல்லா இருக்கீங்களா? கொழந்தைங்க சௌக்கியமா?" என்று கேட்பார். அவர் தோகிதாவைப் போல என்னையும் கண்டு ஒதுங்கிப் போயிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

1984-இல் பெரும் பனி. எனக்கு இடுப்புப் பிடித்துப் படுக்கையில் கிடந்தேன். மூன்று நாள் கொட்டிய பனி கூரை மேல் ஆள் உயரம். இன்னும் ஒரு நாள் விழுந்தால் உத்தரம் முறியும். காலையில் கூரையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. தவழ்ந்து வாசலுக்கு வந்து பார்த்தேன். தெய்ஜி. அறுபத்திரண்டு வயது. பனியைச் சதுரமாக வெட்டி, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! எறங்குங்க, வழுக்கும்! ஆளுக்குச் சொல்லி விட்டிருக்கேன்."

"பரவால்ல. பக்கத்து வீடுதானே."

வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு வருடமாகச் சொல்ல நினைத்தது எவ்வளவோ. வந்தது இதுதான்.

"அண்ணே, ஒரு தடவை தத்சுன்னு கூப்பிடுங்களேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். கூரை விளிம்பிலிருந்து என்னைப் பார்த்தார். கோபமோ கேலியோ அந்த முகத்தில் இல்லை. தெரியாத ஊரில் யாரோ வழி கேட்டால் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வடக்குப் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கு" என்றார். "நீங்க உள்ள போங்க. குளிருது."

மறுபடி வெட்டத் தொடங்கினார்.